நோட்டட்

அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: பூட்டு. யாரும் என் காதுபடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் டீ அக்காவின் வாயில் எதுவும் நிற்காது என்பதால் எனக்கும் தெரிந்துபோயிற்று. லிஃப்ட் செய்து விற்கிற கம்பெனி எங்களுடையது. பதினாறு வருடமாக அதன் சட்டப் பிரிவு என்றால் நானும் இரண்டு இரும்பு அலமாரிகளும்தான்.

வக்கீலுக்குப் போன கடிதத்தை வெளியார் யாரும் கேட்டு வாங்க முடியாது என்று எவரோ எப்போதோ கிளப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து யார் யாருக்கு எதை எழுதினாலும் பூட்டு போடுவதாக நினைத்துக்கொண்டு ஓரத்தில் என் பெயரையும் சேர்த்துவிடுவார்கள். கான்டீன் தண்ணீரில் பல்லி கிடந்த விவகாரம்கூட எனக்கு வந்தது. வெறுமனே பெயரைச் சேர்ப்பதால் பூட்டு விழாது என்று ஒரு நாள் முழுக்க கிளாஸ் எடுத்தேன். கிளாஸ் நன்றாக இருந்தது என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களிலும் என் பெயர் இருந்தது.

ஒரு நாளைக்கு இருநூறு மெயில். எந்த மனுஷி படிப்பாள்? படித்ததாகக் காட்டிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு பொத்தானைத் தட்டினால் 'நோட்டட்' என்று பதில் போகும்படி வைத்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டேன், மனதில் கொண்டேன் என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். எங்கள் கம்பெனியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: திறக்கவில்லை, தொல்லை பண்ணாதே. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டு எல்லோருமே அப்படிப் போட ஆரம்பித்திருந்தார்கள்.

போன திங்கட்கிழமை மாலை, நாங்கள் மாட்டிக்கொடுத்த ஒரு லிஃப்ட் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் பிடி நழுவி இரண்டு மாடி இறங்கி இடித்து நின்றது. உள்ளே இருந்த பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று கேட்டதும் எல்லோரும் பெருமூச்சு விட்டோம். செவ்வாய்க்கிழமை காலை, அந்தக் கட்டடத்தின் பெயரைப் போட்டு என் மெயில் பெட்டியில் தேடினேன். ஒன்றே ஒன்று வந்தது. ஆறு மாதத்துக்கு முந்தைய மெயில் அது.

எழுதியவர் பிரேக் சார். பிரேக் சோதனைப் பிரிவின் மூத்த எஞ்சினியர். எதைக் கொண்டுபோனாலும் "கொஞ்சம் நில்லுங்க" என்பார், அதனாலும் அந்தப் பெயர். மூன்று மாதத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றுப் போனார். தான் பாஸ் செய்து கையெழுத்துப் போட்டது பழைய பிரேக் பேடுக்கு என்று எழுதியிருந்தார். கொள்முதலில் பேடை மாற்றிவிட்டு, தன் சான்றிதழையே புதுப் பேடுக்கும் ஒட்டி அனுப்புகிறார்கள். புதுப் பேட் சூடானால் வழுக்குகிறது, உடனே நிறுத்த வேண்டும். கீழே, அந்தப் பேட் மாட்டிய பதினொரு கட்டடங்களின் பட்டியல். மெயில் போனது இரண்டு பேருக்கு: எங்கள் டைரக்டர் சின்னவருக்கு, எனக்கு. இந்த முறை என் பெயர் ஓரத்தில் இல்லை. 'மேடம், சட்டப்படி என்ன செய்ய வேண்டுமோ நீங்கள்தான் செய்ய வேண்டும்' என்று என்னை அழைத்தே எழுதியிருந்தார்.

அதன் கீழே, நான்கு நிமிடம் கழித்து, என் பதில். நோட்டட்.

உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. பட்டியலை மறுபடி மேலிருந்து படித்தேன். ஆறாவது, அந்தப் பெண் விழுந்த கட்டடம். ஏழாவது, எங்கள் சொந்த அலுவலகம்.

அன்று மாலை படியில் இறங்கினேன். மறுநாள் காலை படியில் ஏறினேன். என் அறை ஒன்பதாம் மாடி. நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படி, இறங்க ஏழு நிமிடம், ஏற என் முழங்காலைப் பொறுத்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் அந்த மெயில். மெயிலின் அடியில் நான்.

"என்ன மேடம், புதுசா ஒடம்பைக் குறைக்கிறீங்களாக்கும்?" என்றார் டீ அக்கா, ஐந்தாம் மாடியில் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தவர்போல. தள்ளுவண்டியில் ஃபிளாஸ்குகள், கப்புகள், பிஸ்கட் டின். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது மாடி மாடியாகப் போகிறவர். வண்டியோடு படியில் ஏற முடியுமா?

"டாக்டர் சொன்னார்க்கா," என்றேன்.

"எனக்கெல்லாம் ஒரு டாக்டரும் சொல்ல மாட்டேங்கிறான்," என்று சிரித்துக்கொண்டே லிஃப்டுக்குள் வண்டியைத் தள்ளினார். கதவு மூடியது. மேலே இருக்கிற எண்கள் ஒவ்வொன்றாக எரிந்து, எட்டு என்று வந்து நிற்கும்வரை நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஏறினேன். என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனாலும் ஏறினேன்.

புதன்கிழமை பிரேக் சார் போன் பண்ணினார். குரல் ஒடுங்கியிருந்தது.

"மேடம், என் சான்றிதழைக் காட்டித்தான் கேப்பாங்க. நான் அப்பவே எழுதினேனே, அந்த மெயில் எங்கிட்ட இல்லை. வேலையை விட்டு வந்ததும் கணக்கை மூடிட்டாங்க. உங்ககிட்ட இருக்குமில்ல? நோட்டட்னு பதில்கூடப் போட்டீங்க. எனக்கு அன்னிக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? வக்கீலம்மா பாத்துட்டாங்க, இனிமே அவங்க பாத்துக்குவாங்கன்னு வீட்டுலகூடச் சொன்னேன்."

"பாத்துச் சொல்றேன் சார்," என்றேன். வாய்தா வாங்குகிற புத்தி எங்கே போகும்?

இங்கே கழுவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லா மெயிலையும் சர்வர் தானாகவே அழித்துவிடும். அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் கழுவல். விதியை எழுதியவள் நான். விசாரணை வரும் என்று தெரிந்தால் கழுவலை நிறுத்த வேண்டும், நிறுத்தும் உத்தரவை வக்கீல் எழுத்தில் தர வேண்டும் என்று ஒன்பதாவது பிரிவில் எழுதியவளும் நான்தான். அந்த உத்தரவுக்கு ஹோல்ட் என்று பெயர்.

ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டால் போயிற்று என்று தோன்றும். பிரிண்டை நானே டைப் அடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிடலாம். யார் அனுப்பினார், யார் எப்போது திறந்தார் என்பதற்கெல்லாம் சர்வரில் இருப்பதுதான் சாட்சி. சின்னவர் தன் பெட்டியிலிருந்து அதை எப்போதோ அழித்துவிட்டார். உலகத்தில் மிச்சமிருந்தது என் பெட்டியில் இருந்த ஒன்றுதான். அதுவும் வெள்ளிக்கிழமை ஐந்து மணிவரை.

வியாழக்கிழமை சின்னவர் கூப்பிட்டார். முதலாளியின் இளைய மகன், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் அறை தரைத்தளத்தில். அவருக்கு லிஃப்ட் தேவையே இல்லை.

"பாதுகாப்பு ஆணையத்திலேருந்து நோட்டீஸ் வந்துடுச்சா மேடம்?"

"இன்னும் வரல சார். திங்கட்கிழமை வரும்னு போன்ல சொன்னாங்க. ஆனா வரும்னு தெரிஞ்ச நிமிஷத்திலேருந்தே எதையும் அழிக்கக் கூடாது. கழுவலை நிறுத்தணும்."

"போன்ல சொன்னதுக்கெல்லாம் கம்பெனி நடத்த முடியுமா? பேப்பர் வரட்டும், அப்புறம் நிறுத்துங்க." மேசை மேல் இருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டே பேசினார். "நான் எதையும் அழிக்கச் சொல்லலையே. அது தானா நடக்குது. நீங்க எழுதின ரூல். நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம், சும்மா இருந்தாப் போதும்."

"அந்தப் பதினொரு லிஃப்டையாவது நிறுத்திடலாமே சார்?"

"நிறுத்தினா நமக்குத் தெரியும்னு ஆயிடும். தெரியும்னா, எப்பலேருந்து தெரியும்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு மட்டும் வாயே திறக்காதீங்கன்னு கிளாஸ் எடுத்தது நீங்கதானே?" குண்டை நிறுத்தினார். "அதுல உங்க நோட்டட்டும் இருக்கு. மறந்துடாதீங்க."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். மிரட்டினார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. மெயில் இருந்தால், எச்சரிக்கை வந்தும் கைகட்டி உட்கார்ந்திருந்த வக்கீல் நான். என் வக்கீல் பதிவு போகும், வேலை போகும், வழக்கு என்மேலும் வரும். மெயில் போனால் நான் பிழைத்துக்கொள்வேன். வழுக்குகிற பேடுக்குச் சான்றிதழ் கொடுத்த குற்றவாளியாக பிரேக் சார் மட்டும் நிற்பார்.

வெள்ளிக்கிழமை காலை என் கணவரிடம் சொன்னேன். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். மகளின் காலேஜ் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு அது தானாவே போயிடும்னா, நீ ஏம்மா குறுக்க போய் விழற?"

"அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போவாரு."

"நீ போனா? பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு. வீட்டுக் கடன் இருக்கு." குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்கு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்னவாம்? நாலு நாளா ஒழுங்கா ஒரு வாய் சோறு இறங்கல," என்றேன். அவர் மறுபடி பெட்டியை எடுத்தார். சட்டையின் காலரில் ஒரு மஞ்சள் தடம் விழுந்துவிட்டது. அதை இருவருமே பார்த்தோம்.

அன்று பகல் முழுக்க நான் ஒரு வேலையும் செய்யவில்லை. ஹோல்ட் படிவத்தைத் திறப்பேன், மூடுவேன். மூன்று மணிக்கு டீ அக்கா வந்து கப்பை வைத்தார். "என்ன மேடம், மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார். மூன்றரைக்கு பிரேக் சாரிடமிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை. நாலுக்கு மறுபடி வந்தது. திரையில் அவர் பெயர் எரிந்து அணைந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலேகாலுக்கு வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. கூப்பிட்டதைவிட, கூப்பிடுவதை அவர் விட்டுவிட்டதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

நாலு நாற்பதுக்குப் படிவத்தை நிரப்பினேன். 'யாருடைய மெயில்களைப் பாதுகாக்க வேண்டும்' என்று கேட்கும் கட்டம் ஒன்று அதில் உண்டு. பதினாறு வருடத்தில் எத்தனையோ பேர் பெயரை அதில் எழுதியிருக்கிறேன். முதல் வரியில் என் பெயரை எழுதினேன். இரண்டாவதாகச் சின்னவர் பெயர். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

கழுவலை நிறுத்த வேண்டியவர் சர்வர் அண்ணன், அடித்தளத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பானவர். நாலு ஐம்பத்தி மூன்றுக்கு அவரிடமிருந்து பதில் வந்தது.

நோட்டட்.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? போனைப் போட்டேன். அடித்தளத்தில் செல்போன் எடுக்காது. மேசை போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அடித்து ஓய்ந்தது. நாலு ஐம்பத்தி ஐந்து. படியில் இறங்கினால் ஒன்பது மாடிக்கே ஏழு நிமிடம், அதற்குக் கீழே அடித்தளம்.

லிஃப்டின் பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தது. உள்ளே வண்டியோடு டீ அக்கா.

"அட, டாக்டர் மாத்திச் சொல்லிட்டாரா?" என்றார்.

காலை உள்ளே வைத்தேன். தரை லேசாக அழுந்திக் கொடுத்தது. எல்லா லிஃப்டும் அப்படித்தான் கொடுக்கும், அது எனக்குத் தெரியும். கதவு மூடியது. அக்கா எதையோ சொல்லிச் சிரித்தார், என் காதில் விழவில்லை. வண்டியின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எட்டு. ஏழு. எங்கோ மேலே ஏதோ முனகியது. ஆறு. கப்புகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. ஐந்தில் ஒரு சின்ன உதறல். நான் "ஐயோ" என்று கத்தியேவிட்டேன்.

"மேடம்!" அக்காவின் சிரிப்பு நின்றது. என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு எண்கள் எரிகிற பலகையைப் பார்த்தார், பிறகு தன் காலடியைப் பார்த்தார். தரைத்தளத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் இறங்கினார். நான் இன்னும் ஒரு தளம் தனியாகப் போனேன்.

சர்வர் அண்ணன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். ஒயரைப் பிடுங்கினேன்.

"கழுவலை நிறுத்துங்கண்ணா! ஹோல்ட் அனுப்பியிருக்கேன், படிச்சீங்களா?"

"நோட்டட் போட்டேனே மேடம்."

"படிச்சீங்களா?"

அவர் விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். கடவுச்சொல்லை முதல் தடவை தப்பாக அடித்தார், இரண்டாம் தடவை சரியாக வந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு ஒரு நிமிடம் இருந்தது. "நின்னுடுச்சு," என்றார். உட்கார நாற்காலி இல்லாமல் நான் தரையிலேயே உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

அங்கிருந்தே மேசை போனில் சர்வீஸ் பிரிவுத் தலைவரைப் பிடித்தேன். பதினொரு கட்டடங்களையும் வரிசையாகச் சொல்லி, லிஃப்டுகளை இப்போதே நிறுத்தச் சொன்னேன். "நோட்டட் மேடம்," என்றார்.

"அந்த வார்த்தை வேணாம். நான் சொன்னதைத் திருப்பிப் படிச்சுக் காட்டுங்க," என்றேன். பதினொன்றையும் படித்தார். ஏழாவதைப் படிக்கும்போது அவர் குரல் தடுமாறியது.

பிரேக் சாருக்கு ஒரு வரி அனுப்பினேன்: 'உங்கள் மெயில் பத்திரமாக இருக்கிறது, முழுவதும் படித்தேன்.' பிறகு ஒரு காகிதத்தில் 'லிஃப்ட் ஆபத்து, ஏறாதீர்கள்' என்று பெரிதாக எழுதி, கீழே கையெழுத்தும் பதவியும் போட்டு எடுத்துக்கொண்டு படியேறித் தரைத்தளத்துக்கு வந்தேன். சின்னவர் அறைக் கதவு மூடியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. டேப் சுருண்டு சுருண்டு ஒட்டிக்கொண்டது. ஒரு வழியாக லிஃப்ட் கதவில் காகிதத்தை ஒட்டி முடித்துத் திரும்பினால், பின்னால் டீ அக்கா. நிதானமாக, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது எப்பலேருந்து மேடம்?"

அந்தக் கேள்விக்கு எப்படியெல்லாம் நழுவலாம் என்று கிளாஸ் எடுத்தவள் நான். இனிமேல் நழுவுவதில்லை என்று அடித்தளத்திலேயே முடிவு செய்திருந்தேன். ஆணையத்தில் சொல்ல வேண்டியதை முதலில் அவரிடமே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பயத்தோடு கூடவே கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

"ஆறு மாசமாக்கா. எனக்கு மெயில் வந்து ஆறு மாசமாச்சு. நான் படிக்கல. என் தப்புதான்."

அக்கா தலையை ஆட்டினார். அதில் அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

"மெயில் கெடக்கட்டும். நீங்க படியில ஏற ஆரம்பிச்சது புதன்கிழமை," என்றார். விரலை மடக்கினார். "புதன், வியாழன், வெள்ளி. மூணு நாள். நான் வண்டியோட போறப்ப நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க."

ஆணையத்தில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது.

அவர் வண்டியைச் சுவரோரம் நிறுத்தினார். மேல்மாடிகளில் கழுவ வேண்டிய கப்புகள் கிடந்தன. வெறும் ட்ரேயை எடுத்துக்கொண்டு படிப்பக்கம் நடந்தார். "கொடுங்கக்கா, நான் வர்றேன்," என்று கை நீட்டினேன்.

"வேணாம் மேடம்," என்றார், திரும்பிப் பார்க்காமலே. ஒவ்வொரு படியாக ஏறினார்.